கதிரை அளக்கும் படி

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று யாரும் சொல்வதில்லை. மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டை என்ற பெயர்தான் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து நாக்கில் உருண்டு உருண்டு மல்லாட்டை ஆயிற்று. கடல் கடந்து வந்த இந்தக் கொட்டையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகப் பிரெஞ்சு தேசத்து மார்ஸேல்ஸுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். அங்கே அதை ஆட்டி எண்ணெய் எடுத்துச் சோப்புக் காய்ச்சினார்கள். தென்னாற்காட்டுச் செம்மண் பிரெஞ்சுக்காரர்களின் முதுகைத் தேய்த்த கதை அது.

விழுப்புரத்துக் கமிட்டிக்கு மல்லாட்டை வரும் பருவத்தில் ஒரு நாள் காலை போய் நின்று பாருங்கள். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார். காதோரம் வைத்துக் குலுக்குகிறார். நன்றாகக் காய்ந்த காயானால் பருப்பு உள்ளே கலகலவென்று பேசும். ஒன்றை உடைத்துப் பல்லில் கடிக்கிறார். எண்பது கிலோ மூட்டையில் எவ்வளவு பருப்புத் தேறும் என்று அவர் மனத்துக்குள் போடும் கணக்கும் பின்னால் தராசு சொல்லும் கணக்கும் அநேகமாக ஒத்துப் போகும். அந்தக் கைக்கு எத்தனை வருஷத்துப் பழக்கம்!

ஆனால் கைக்கு அகப்படாத, காதுக்குக் கேட்காத, பல்லில் கடிக்க முடியாத ஒன்றை அளக்க வேண்டி வந்தால் என்ன செய்வது? விதைக்குள் கதிரைப் பாய்ச்சிப் புது ரகம் உண்டாக்குகிறவர்கள் முன்னால் நின்ற கேள்வி இதுதான். கதிரை உண்டாக்கும் வித்தை சீக்கிரம் கைவந்துவிட்டது. "எவ்வளவு?" என்ற ஒரு வார்த்தைக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் மனிதன் திண்டாடிப் போனான்.

1895-ம் வருஷம் நவம்பர் மாதம் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே உலகத்து ஆஸ்பத்திரிகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. அளவு என்ன தெரியுமா? நோயாளியின் தோல் சிவக்கிற வரைக்கும். தோல் சிவந்தால் ஒரு 'டோஸ்' ஆயிற்று என்று கணக்கு. சிவப்புத் தோலுக்கு ஒரு அளவு, மாநிறத்துக்கு ஒரு அளவு, நம்மைப் போன்ற கறுப்புத் தோலுக்கு என்ன அளவென்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சில டாக்டர்கள் அன்றாடம் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தங்கள் கையையே அதன் முன்னால் நீட்டினார்கள். முதலில் நகம் போயிற்று, பிறகு விரல் போயிற்று, பலருக்கு உயிரே போயிற்று. எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி என்பவர் கைகளை இழந்து 1904-ல் இறந்தார். அதற்குப் பிறகு எடிசன் எக்ஸ்ரே பக்கமே திரும்பவில்லை.

எல்லா நாட்டாரும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு 1928-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில்தான் பிறந்தது. அதற்கு ராண்ட்ஜன் என்றே பெயர் வைத்தார்கள். 1953-ல் ராட் என்ற வேறொரு அளவு வந்தது. 1975-ல் கிரே வந்தது; லூயி ஹரோல்ட் கிரே என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் பெயர் அது. ஒரு கிலோ பொருளுக்குள் ஒரு ஜூல் சக்தி தங்கினால் ஒரு கிரே. நூறு ராட் சேர்ந்தால் ஒரு கிரே. நம் ஊரில் ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால் என்று இருந்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒரு ஜூல் என்பது அற்பசொற்பம். இதை நான் முதலில் கேட்டபோது நம்பவில்லை. உடம்பு முழுவதும் நான்கு கிரே பட்டால், சிகிச்சை இல்லாதவர்களில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள் என்று சொல்கிறார்கள். அந்த நான்கு கிரேயில் உள்ள சூட்டைக் கணக்குப் பார்த்தால், சூடான காப்பியை ஒரு வாய் உறிஞ்சினால் உடம்பில் ஏறும் சூடுதான்! அதனால் ஜன்னியும் வராது, வேர்வையும் வராது. சூட்டினால் அது கொல்வதில்லை. உயிரணுவுக்குள் பரம்பரை எழுத்துக்களைத் தாங்கி நிற்கும் இழைகளை அறுப்பதனால் கொல்கிறது. அந்த அறுப்பில்தான் விதை ஆராய்ச்சிக்காரர்களுக்கும் வேலை இருக்கிறது. அறுந்த இழை பிழையாக ஒட்டிக்கொள்ளும்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை கெடுதல்தான் நேரும். எங்கோ ஓரிடத்தில், நம் அதிர்ஷ்டத்துக்கு, குள்ளச் செடியோ, பெரிய பருப்போ, சீக்கிரம் விளையும் குணமோ பிறந்துவிடும்.

ஹெர்மன் முல்லர் 1927-ல் பழ ஈக்களை வைத்து இதை நிரூபித்தார். அடுத்த வருஷம் ஸ்டாட்லர் வாற்கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் காட்டினார். முல்லருக்கு 1946-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாட்லருக்கோ இந்த வழியில் நல்ல பயிர் கிடைக்கும் என்ற நம்பிக்கையே அதிகம் இல்லை. தாமே திறந்த கதவுக்குள் தாமே நுழையத் தயங்கிய மனிதர்! எனக்கு என்னவோ முல்லரைவிட இவரைத்தான் பிடித்திருக்கிறது.

நம் மல்லாட்டை இந்தக் கதையில் புகுந்தது அமெரிக்காவில். வட கரோலினாவில் வால்டர் கிரெகரி என்ற பேராசிரியர் 1949-ல் கடலை விதைகளுக்கு எக்ஸ்ரே காட்டி, அவற்றின் பேரப்பிள்ளைச் செடிகளை லட்சக்கணக்கில் வளர்த்துப் பார்த்தார். பத்து வருஷம் பொறுமையாகக் கழித்துக் கட்டி 1959-ல் ஒரு ரகத்தை வெளியிட்டார். அந்தக் கடலையில் கொஞ்சம் இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கே ஈஸ்ட்போர்ன் என்ற கடற்கரை ஊரில் மியூரியல் ஹோவர்த் என்ற அம்மாள் ஒரு விருந்தில் அதைப் பரிமாறினார். விருந்தினர்கள் அதைக் கண்டு பிரமிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்கள் சாதாரணமாகக் கொறித்துவிட்டுப் போய்விட்டார்கள். வருத்தத்தோடு மிச்சமிருந்த ஒரு கொட்டையை மண்ணில் ஊன்றினார். அது கிடுகிடுவென்று வளர்ந்தது. அவ்வளவுதான், பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். அதே 1959-ல் அணுத் தோட்டச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, கோபால்ட் கதிர் காட்டிய விதைகளை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு வழங்கினார் அந்த அம்மாள்.

உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் சில வருஷங்களில் சங்கம் ஓய்ந்து போயிற்று. பேர் சொல்லும்படியான ரகம் ஒன்றும் அந்தத் தோட்டங்களிலிருந்து வரவில்லை. இதில் ஆச்சரியமும் இல்லை. ஆளுக்கு நாலைந்து தொட்டியில் நட்டுப் பார்த்தால் லட்சத்தில் ஒன்று எப்படி அகப்படும்? எந்த விதை எவ்வளவு கதிர் வாங்கியது, பக்கத்தில் கதிர் வாங்காத விதை எப்படி வளர்ந்தது என்ற குறிப்பு இல்லாமல், வளர்ந்த செடி கதிரால் வளர்ந்ததா, எருவால் வளர்ந்ததா என்று யார் சொல்வது?

திண்டிவனத்துக்கு வருகிறேன். இங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'டி.எம்.வி.' என்று தொடங்கும் கடலை ரகங்களை விதைக் கடையில் கேட்டிருப்பீர்கள். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனம்தான். டி.எம்.வி. 1 மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சலூம் கடலையிலிருந்து பொறுக்கியது, டி.எம்.வி. 2 குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கி 1940-ல் வெளியிட்டது. இந்த டி.எம்.வி. 2 கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் ஓடிய ஓட்டத்தைப் போல வேறொரு கடலை ஓடியிருக்குமா என்பது சந்தேகம். முப்பாட்டன் ரகமாகியும் அதை விடாத குடியானவர்கள் அங்கே உண்டு. ஒரு கதிரும் இல்லாமல், நம் கமிட்டி வியாபாரியைப் போலக் கண்ணாலும் கையாலும் பொறுக்கிய ரகம் அது.

பிறகு இந்தியாவிலும் கதிர்க் காலம் வந்தது. கும்பகோணத்துக்காரரான எம். எஸ். சுவாமிநாதன் டில்லியில் மெக்ஸிகோக் கோதுமையின் சிவப்பு மணியைக் கதிர் காட்டிப் பொன்னிறமாக்கினார்; ஷர்பதி ஸோனோரா என்ற பெயரில் 1967-ல் அது வெளிவந்தது. சிவப்புக் கோதுமையில் சப்பாத்தி சுட வடநாட்டுப் பெண்மணிகள் சம்மதிக்கவில்லை. விஞ்ஞானம் அடுப்பங்கரைக்குப் பணிந்தது. பம்பாய் டிராம்பேயில் எஸ். எச். பாட்டீல் என்பவர் எக்ஸ்ரே காட்டிய கடலையிலிருந்து பெரும் பருப்பு ரகம் ஒன்றை உண்டாக்க, 1973-ல் டி.ஜி. 1 வந்தது. திண்டிவனத்துக்கு டி.எம்.வி. என்றால் டிராம்பேக்கு டி.ஜி.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு புஸ்தகம் அல்ல. ஓர் ஆராய்ச்சி மாணவி. மரக்காணத்தில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் துணிப்பை. பைக்குள் காகித உறைகள். மேலே 0, 100, 200, 300, 400 என்று எழுதியிருந்தது. விதைக் கடலை, கல்பாக்கத்தில் கதிர் காட்டி வாங்கி வருகிறேன் என்றாள். பின் ஸீட்டுப் பெரியவர் ஒருவர் உடனே காலை இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க தாத்தா. இதுல இப்ப ஒண்ணும் இல்ல. விளக்கை அணைச்சப்புறம் சுவத்துல வெளிச்சம் ஒட்டிக்கிட்டா இருக்கும்?" என்றாள்.

இதைவிட அழகாக நான் சொல்லிவிட முடியாது. கோபால்ட்டின் கதிர் விதைக்குள் புகுந்து காரியத்தைச் செய்துவிட்டுப் போய்விடுகிறது. விதை கதிரியக்கப் பொருளாக மாறுவதில்லை.

"சைபர் போட்ட உறை எதற்கம்மா? அதற்குக் கதிரே கிடையாதே?" என்று கேட்டேன்.

"அதுவும் கூடவே பஸ்ஸுல போயி, கூடவே உட்கார்ந்து, கூடவே திரும்பி வரணும் சார். இல்லேன்னா மத்ததுல தெரியுற வித்தியாசம் கதிராலயா, பஸ் குலுங்கினதாலயான்னு சண்டை வரும்."

கோயில் வரைக்கும் போய்ச் சாமி பார்க்காமல் திரும்பிய அந்த ஏழைக் கடலையின் மேல் எனக்கு அனுதாபம் உண்டாயிற்று. ஈஸ்ட்போர்ன் அம்மாளுடைய தோட்டங்களில் இல்லாமல் போனது இந்தச் சைபர் உறைதான்.

முதலில் சில நூறு விதைகளைப் பல அளவுகளில் காட்டி நட்டுப் பார்ப்பார்களாம். எந்த அளவில் பாதி முளைகள் செத்துப்போகின்றனவோ, அல்லது வளர்த்தி பாதியாகக் குறைகிறதோ, அந்த அளவை ஒட்டித்தான் பெரிய சோதனையை நடத்துவார்கள். கடலைக்கு அது பெரும்பாலும் 200, 300 கிரே அளவில் வரும்; எள் இன்னும் தாங்கும். மனிதனைப் பாதிக்குப் பாதி கொல்ல நாலு கிரே போதும் என்றேன் அல்லவா? காய்ந்த கடலை முந்நூறைத் தாங்குகிறது. விதையின் ஈரப்பதம் மாறினால் அதே அளவு வேறு பலனைக் கொடுத்துவிடும். குறைத்துக் காட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. கூட்டிக் காட்டினால் பாத்தியெல்லாம் மயானம். அளவு தப்பினால் போவது ஒரு பருவம் மட்டும் அல்ல. மாறுதல் அடுத்த தலைமுறையில்தான் கண்ணுக்குத் தெரியும் என்பதால், தப்பு நேர்ந்தது தெரிவதற்கே ஒரு வருஷம் ஆகிவிடும். ஆராய்ச்சிக்கு உதவித்தொகை மூன்று வருஷம் என்றால், அதில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம்.

இனிக் கருவிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கனத்த ஈயக் கவசத்துக்கு நடுவே கோபால்ட் 60 நிறைந்த கம்பிகள் கூண்டு போல நிற்கின்றன. விதை உறைகளை ஒரு பாத்திரத்தில் வைத்தால், அது லிப்டு போல இறங்கிக் கூண்டின் நடுவில் போய் உட்காருகிறது. குறித்த நேரம் ஆனதும் மேலே வந்துவிடுகிறது. கதிரைக் கூட்டவோ குறைக்கவோ திருகு எதுவும் கிடையாது. நேரம் ஒன்றுதான் நம் கையில்.

கணக்கு லேசு போலத் தோன்றும். நிமிஷத்துக்கு 5 கிரே என்றால் 300 கிரேக்கு 60 நிமிஷம். மூன்றாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். ஆனால் கோபால்ட் 60 நாளுக்கு நாள் வீரியம் குன்றிக்கொண்டே வருகிறது. 5.27 ஆண்டில் சரிபாதி ஆகிவிடும். மாதத்துக்குச் சுமார் ஒரு சதவிகிதம், வருஷத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல். போன வருஷத்து அட்டவணையைப் பார்த்து அதே 60 நிமிஷம் வைத்தால், 300 என்று உறைமேல் எழுதியிருக்கும். உள்ளே இறங்கியிருப்பது 263-தான். அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்கள் லாகரிதம் அட்டவணையையும் நகரும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு இதைப் போட்டார்கள். நானும் கல்லூரியில் இரண்டு வருஷம் கிளார்க் அட்டவணையைப் புரட்டியவன்தான். மூன்றாவது ஸ்தானத்தில் கண் தடுமாறி அடுத்த வரிக்குப் போய்விடும் ஆபத்து எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இப்போது சிறிய மென்பொருள் ஒன்று இதைச் செய்துவிடுகிறது. கதிரை அளந்த தேதி, அன்றைய வேகம், இன்றைய தேதி, வேண்டிய அளவு ஆகிய நான்கையும் கொடுத்தால், நிமிஷமும் விநாடியும் வந்து விழும்.

இதோடு தீர்ந்துவிட்டால் தேவலையே! பாத்திரத்தின் நடுவில் உள்ள விதைக்கும் ஓரத்தில் உள்ள விதைக்கும் ஒரே அளவு கதிர் கிடைப்பதில்லை. ஓரத்தில் இருப்பது கம்பிக்குக் கிட்டத்தில் இருக்கிறது. நடுவில் உள்ள விதையை மற்ற விதைகள் மறைக்கின்றன. மேலும் கதிர் ஒழுங்காக நேர்கோட்டில் போய் நிற்பதும் இல்லை. முட்டி, திரும்பி, சக்தி இழந்து, மறுபடி எங்கோ முட்டுகிறது. பெரஸ் ஸல்பேட் கரைசலை உள்ளே வைத்து எடுத்து, அதில் நடந்த மாறுதலைக் கொண்டு அளக்கும் வழியை ஹ்யூகோ பிரிக்கே என்பவர் 1920-களிலேயே காட்டியிருந்தார். ஆனால் எத்தனை இடத்தில்தான் கரைசல் வைப்பது? வைத்துப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

அந்த வழி ஒரு சீட்டாட்டத்தில் பிறந்தது. 1946-ல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித மேதை மூளைக் காய்ச்சலிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். பொழுது போகவில்லை. ஒற்றை ஆள் சீட்டாட்டம் ஆடிக்கொண்டே, இது ஜெயிக்க எத்தனை சந்தர்ப்பம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கணக்கு மலைத்துப் போயிற்று. நூறு தடவை ஆடி எத்தனை தடவை ஜெயித்தோம் என்று எண்ணிவிட்டால் என்ன என்று தோன்றியது. அவர் நண்பர் வான் நாய்மன் இதைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் இருந்தது அணுகுண்டுக் கூடம். குண்டுக்குள் நியூட்ரான் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் இது முதலில் பயன்பட்டது என்பதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. மாண்டி கார்லோ சூதாட்டத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு போகும் சிற்றப்பா ஒருவர் உலாமுக்கு உண்டு; அதனால் மெட்ரோபோலிஸ் என்ற சகா இந்த முறைக்கு மாண்டி கார்லோ என்றே பெயர் வைத்துவிட்டார். 1948-ல் முப்பது டன் எடையுள்ள எனியாக் கம்ப்யூட்டரில் இதை ஓட்டுவதற்கு நிரல் எழுதியவர் வான் நாய்மனின் மனைவி கிளாரா. கணிதத்தில் பட்டம் எதுவும் வாங்காத பெண்மணி.

முறை இன்னதென்று நம் ஊர்ப் பாஷையில் சொல்லுகிறேன். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து பக்கம் ரயில் பாதை பிரிகிறது: சென்னை, புதுச்சேரி, காட்பாடி, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மாயவரம். ஜங்ஷனில் வந்து இறங்கும் ஒவ்வொரு பிரயாணியும் தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தக்க வண்டியில் ஏறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜங்ஷனில் மறுபடி உருட்டுகிறான். சிலர் பாதியிலேயே இறங்கித் தங்கிவிடுகிறார்கள். ஓர் ஆள் எங்கே போய்ச் சேருவான் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஆனால் பத்து லட்சம் பேரை இப்படி அனுப்பிவிட்டு எண்ணினால், திருக்கோவிலூரில் எத்தனை பேர் தங்கினார்கள், கடலூரில் எத்தனை பேர் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். பிரயாணிக்குப் பதில் கதிர்த்துகள். ஊருக்குப் பதில் விதை. துகளின் தாயக்கட்டையில் எந்த எண் எத்தனை தடவை விழும் என்பதை இயற்கை நிர்ணயித்திருக்கிறது. விஞ்ஞானிகள் அதை அளந்து வைத்திருக்கிறார்கள். லாஸ் அலமாஸின் எம்.சி.என்.பி., ஜெனீவாவின் ஸெர்ன் கூடத்தார் முன்னின்று உருவாக்கி 1998-ல் வெளிவந்த ஜியான்ட் 4 ஆகியவையெல்லாம் இந்தத் தாயக்கட்டையை அலுக்காமல் உருட்டும் மென்பொருள்கள்தாம். ஜியான்ட் 4-ஐ யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பாத்திரத்தின் உருவம், கம்பிகள் நிற்கும் இடம், கடலையின் அடர்த்தி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால், ஒரு விதையைக்கூட உள்ளே அனுப்பாமல், எந்த மூலையில் எத்தனை கிரே என்று படம் போட்டுக் காட்டும்.

ஆனால் எழுதிக் கொடுப்பது மனிதன் அல்லவா? பனாமா தேசத்தின் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கோபால்ட் சிகிச்சைக்கு நேரம் கணக்கிடும் மென்பொருள் ஒன்று இருந்தது. நோயில்லாத அங்கங்களை மறைக்க ஈயக் கட்டிகள் வைப்பார்கள். நான்கு கட்டி வரைக்கும்தான் மென்பொருள் ஏற்கும். ஐந்தாவது தேவைப்பட்டபோது, எல்லாவற்றையும் ஒரே உருவமாகச் சேர்த்து வரைந்து கொடுத்தார்கள். ஒரு விதமாக வரைந்தால் கணக்குச் சரியாக வந்தது. வேறு விதமாக வரைந்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாக வந்தது. மென்பொருள் முணுமுணுக்கவில்லை. காகிதத்தில் கையால் ஒரு முறை போட்டுச் சரிபார்த்திருந்தால் அகப்பட்டிருக்கும். 2000-லும் 2001-லும் 28 நோயாளிகள் அளவுக்கு மீறிக் கதிர் வாங்கினார்கள். அவர்களில் பலர் அதனாலேயே இறந்தார்கள்.

ஆய்வுக்கூடத்துக் கதை இன்னொன்றும் உண்டு, நம் நாட்டிலேயே நடந்தது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் பழைய கதிர்க் கருவி ஒன்று 1985-க்குப் பிறகு தொடுவார் இன்றிக் கிடந்தது. 2010-ல் அதை ஏலம் விட்டார்கள். மாயாபுரிப் பழைய இரும்புக் கடைக்குப் போய், உடைக்கப்பட்டு, உள்ளே இருந்த கோபால்ட் வெளியே வந்தது. ஒருவர் இறந்தார், இன்னும் சிலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்த இருபத்தைந்து வருஷத்தில் கோபால்ட்டின் வீரியம் இருபத்தேழில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். எல்லா மென்பொருளும் ஒரு நொடியில் போட்டுவிடும் கணக்குத்தான். ஏலச் சீட்டு எழுதும் மேஜையில் அந்தக் கணக்கைக் கேட்பார் இல்லை.

பஸ்ஸில் வந்த பெண்ணிடம், "கம்ப்யூட்டர் போட்ட நேரத்தை நீங்கள் அப்படியே நம்பிவிடுவீர்களா?" என்று கேட்டேன். அவள் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் காட்டினாள். முதல் பக்கத்தில் கம்ப்யூட்டர் தந்த நேரம். எதிர்ப்பக்கத்தில் பேனாவால் அவளே போட்ட கணக்கு. கூடவே ஒவ்வொரு உறையும் பாத்திரத்தில் எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருந்தது என்று ஒரு படம்.

இடையில் இன்னொரு தகவலும் சொன்னாள். டி.எம்.வி. 2-லிருந்து இலை குறுகிய ஒரு மாறுதல் செடி ரொம்ப வருஷத்துக்கு முன்பே கிடைத்ததாம். அது கதிரால் வந்ததல்ல, ரசாயனத்தால் வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் எந்த எழுத்தில் வித்தியாசம் என்று கர்நாடகத்துத் தார்வாரில் அந்த இரண்டையும் இணைத்து ஆராய்ந்தார்கள். திண்டிவனத்துக்காரர்கள் கண்ணால் பொறுக்கிய கடலையின் வம்சம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திண்டிவனம் வந்துவிட்டது. மேகம் கருக்கட்டியிருந்தது. உறைகள் நனைந்துவிடக் கூடாதென்று பையைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டாள். ஆடிப் பட்டத்தில் விதைப்பு, மார்கழிக்குள் அறுவடை, அதன் விதையை மறுபடி விதைத்தால்தான் ஏதாவது தெரியும் என்றாள்.

"தெரிந்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டார் பின் ஸீட்டுப் பெரியவர். இதற்குள் அவர் காலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பத்து நாள் முன்னாடி விளையற மல்லாட்டை கிடைச்சாலும் கிடைக்கும் தாத்தா."

"பத்து நாளா! கடைசி மழை பொய்க்கிற வருஷத்துல பத்து நாள்ங்கிறது ஒரு மூட்டைம்மா" என்றார் பெரியவர்.